பிணைப்பும் உடலின் பதற்றமும்: துணைவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் முதுநகரிலிருந்து விசைப்படகில் சென்றவர் சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பவில்லை. நெய்வேலியில் இரவு ஷிப்ட் முடிந்தவர் கைப்பேசியை எடுக்கவில்லை. புதுச்சேரியில் வேலை முடித்து வந்த மனைவி யாரிடமும் ஒரு சொல் பேசாமல் அறைக்குள் போய்விட்டார். மூன்றும் வெவ்வேறு சூழல்கள். ஆனால் வீட்டில் இருப்பவரின் உடலில் நிகழ்வது ஏறத்தாழ ஒன்றே. இதயம் வேகமாகத் துடிக்கிறது, வயிறு இறுகுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கை அடுத்த அழைப்பைப் போடத் துடிக்கிறது, அல்லது அதற்கு நேர்மாறாக மனம் மரத்துப்போய் 'எனக்கென்ன வந்தது' என்று ஒதுங்கிக்கொள்கிறது.

வீடுகளில் இதைப் பெரும்பாலும் குணக்குறையாகவே பேசுகிறோம். ஒருவரை 'சந்தேகப்பிராணி' என்கிறோம், மற்றவரைக் 'கல்நெஞ்சுக்காரர்' என்கிறோம். நெருங்கியவர் நமக்குக் கிடைப்பாரா என்ற கேள்வியை உடல் ஓர் ஆபத்துக் கணக்காகவே போடுகிறது என்பதையும், அந்தக் கணக்குக்கென்று ஒரு கால அளவு உண்டு என்பதையும் அறிந்துகொண்டால், எப்போது பேசுவது, எப்போது நிறுத்துவது, எப்படித் திரும்ப வருவது என்பவற்றைத் தீர்மானிப்பது எளிதாகிறது. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த ஒரு கருத்தின் மீதே நிற்கின்றன. வரிசையாகச் செல்வது நல்லது. முதல் இரண்டும் அறிந்துகொள்ள வேண்டியவை, மற்றவை செய்து பார்க்க வேண்டியவை.

முதல் படி: உடலின் இரண்டு பாதைகளையும் அவற்றின் நேரத்தையும் அறிதல்

ஆபத்து என்று மூளை கருதும் ஒன்று நேர்ந்தவுடன் முதலில் விழித்துக்கொள்வது பரிவு நரம்பு மண்டலம். சில நொடிகளுக்குள் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் உட்பகுதி அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது. துடிப்பு கூடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, செரிமானம் மந்தமாகிறது. சண்டையிடவோ தப்பியோடவோ உடலை ஆயத்தமாக்கும் இந்த ஏற்பாட்டை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் விளக்கினார். அட்ரினலின் ரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. புதிதாகச் சுரக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே அதன் அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

இரண்டாவது பாதை மெதுவானது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு ஹார்மோன் வழியாகச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அதைப் பெற்ற அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி கார்டிசோலைச் சுரக்கிறது. உமிழ்நீரில் அளந்தால், அழுத்தம் தொடங்கிய பின் ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில்தான் கார்டிசோல் உச்சத்தை எட்டுகிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகிறது.

இந்த எண்களை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் பின்னால் வரும் ஐந்தாம் படி முழுவதும் இவற்றையே சார்ந்தது. பத்து நிமிடம் நடந்த வாக்குவாதம் 'சரி, விடு' என்று முடிந்துவிட்டதாக இருவரும் நினைக்கும்போது, உடலின் இரண்டாவது பாதை அப்போதுதான் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். அந்த வேளையில் யாரோ ஒருவர் எதார்த்தமாகச் சொல்லும் 'குழம்புல உப்பு இல்ல' என்ற வார்த்தை ஏன் பெரும் சண்டையாக வெடிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்டிசோலைப் பகைவனாகக் கருத வேண்டியதில்லை. காலையில் கண் விழித்த பின் 30 முதல் 45 நிமிடங்களுக்குள் அது இயல்பாகவே உயர்ந்து, நாளைத் தொடங்க உதவுகிறது. பிறகு படிப்படியாகக் குறைந்து நள்ளிரவை ஒட்டி மிகத் தாழ்ந்திருக்கும். ஏறியது இறங்காமலே இருப்பதும், இறங்குவதற்குள் மறுபடி ஏறுவதும், நாள்முறை ஏற்றத்தாழ்வு மழுங்கிப்போவதும்தான் கெடுதல். இவ்வாறு உடலில் சேரும் தேய்மானத்தை 1993இல் புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் ஒரு கோட்பாடாக முன்வைத்தனர். நீரிழிவு, ரத்த அழுத்தம், நோய் எதிர்ப்புத் திறன் முதலியவற்றோடு மன அழுத்தத்தைத் தொடர்புபடுத்தும் ஆய்வுகள் பலவும் அதையே அடித்தளமாகக் கொண்டுள்ளன.

இரண்டாம் படி: பிணைப்பின் இரண்டு சாய்வுகளைப் புரிந்துகொள்ளல்

குழந்தை அஞ்சும்போது தாயிடம் ஓடுவது பாலுக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும்தான் என்பதைப் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி விரிவாக நிறுவினார். நெருங்கியவரிடம் பாதுகாப்பைத் தேடும் இந்த உறவையே பிணைப்பு என்கிறோம். அவரது முதன்மை நூலின் முதல் தொகுதி 1969இல் வெளிவந்தது. உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் உகாண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்மாரையும் சேய்களையும் நேரில் கவனித்து, பிரிவுக்குப் பின் தாய் திரும்பி வரும்போது குழந்தை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் கொண்டு பிணைப்பின் வகைகளைப் பிரித்தார். 1987இல் சிண்டி ஹசானும் பிலிப் ஷேவரும் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் வழியாக வயதுவந்தோரிடம் கேள்விகள் கேட்டபோது, காதலிலும் இல்லறத்திலும் அதே வகைகள் தென்பட்டன. பதிலளித்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் பாதுகாப்பான பிணைப்பையும், மற்றவர்கள் தவிர்ப்பையோ பதற்றத்தையோ கொண்டிருந்தனர்.

இன்று ஆய்வாளர்கள் மனிதர்களைப் பெட்டிகளில் அடைப்பதைவிட இரண்டு சாய்வுகளாக அளப்பதையே விரும்புகின்றனர். ஒன்று பிணைப்புப் பதற்றம்: விட்டுவிடுவாரோ, குறைந்துவிட்டதோ என்னும் அச்சம். மற்றொன்று பிணைப்புத் தவிர்ப்பு: யாரையும் சார்ந்திருப்பதிலும் நெஞ்சைத் திறப்பதிலும் உள்ள கூச்சம். இரண்டும் தாழ்ந்திருப்பவரையே பாதுகாப்பான பிணைப்புடையவர் என்கிறோம். பதற்றச் சாய்வுள்ளவர் ஆபத்து தோன்றியதும் அழைப்பை உரக்க எழுப்புகிறார்: திரும்பத் திரும்ப அழைப்பது, கேட்பது, அழுவது, கோபிப்பது. தவிர்ப்புச் சாய்வுள்ளவர் அழைப்பையே அடக்கிவிடுகிறார். சிறு வயதில் எது பலித்ததோ அதையே உடல் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதால், இவற்றில் ஒன்றைக் குற்றமென்றும் மற்றொன்றைப் பக்குவமென்றும் சொல்வது நியாயமாகாது.

இங்கேதான் நம் குடும்பங்களில் பெரும் தவறு நேர்கிறது. அமைதியாக இருப்பவரின் உடலும் அமைதியாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். 1992இல் மேரி டோசியரும் ரோஜர் கோபக்கும் கல்லூரி மாணவர்களிடம் சிறு வயதுப் பிரிவு, புறக்கணிப்பு முதலியவற்றைப் பற்றிக் கேட்டபோது அவர்களது தோலின் மின்கடத்துத் திறனையும் அளந்தனர். அத்திறன் பரிவு நரம்பு மண்டலத்தின் கிளர்ச்சியைக் காட்டும் அளவாகும். உணர்வுகளை ஒதுக்கித்தள்ளும் போக்குடையவர்களிடம் அக்கேள்விகளின்போது அந்த அளவு உயர்ந்தது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படவில்லை என்பதற்காகக் கடல் அமைதியாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. வாய்மூடி இருப்பவரின் நிலையும் அத்தகையதே.

பதற்றச் சாய்வின் உடல்விளைவு வேறு வகையில் வெளிப்படுகிறது. லிசா டயமண்டும் அவரது குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், துணைவர் சில நாட்கள் பயணம் சென்றிருந்தபோது ஏற்பட்ட கார்டிசோல் மாற்றங்கள் பிணைப்புப் பதற்றம் மிகுந்தவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டன. 2013இல் வெளிவந்த ஓர் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, பிணைப்புப் பதற்றம் மிகுந்த மணமானவர்களிடம் கார்டிசோல் கூடுதலாகவும், நோயை எதிர்க்கும் டி செல்கள் குறைவாகவும் இருந்ததைக் கண்டது. இவை தொடர்பைக் காட்டுவன. ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்கியது என்று நிறுவுவன அல்ல.

மூன்றாம் படி: உங்கள் சாய்வை மதிப்பிடல், நம் ஊர் நிலையை மறவாமல்

இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்களை நிரப்பி 'நான் இந்த வகை' என்று பெயர் சூட்டிக்கொள்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அவற்றுக்கு அடிப்படையான அளவுகோல்கள் பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளின் கல்லூரி மாணவர்களைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. 'என் மனத்திலுள்ளதைத் துணைவரிடம் வெளிப்படையாகச் சொல்வேன்' என்ற கேள்விக்கு, மாமியார், கொழுந்தன், பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூடத்தில் உறங்கும் வீட்டில் வாழும் ஒருவர் 'இல்லை' என்றே பதில் எழுதுவார். அது தவிர்ப்பு ஆகாது, பேச இடமில்லாமை. 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று ஒருநாளும் சொல்லாத கணவர், வேலைக்கு இடையே அழைத்து 'சாப்ட்டியாம்மா?' என்று கேட்பதில் தம் அன்பு முழுவதையும் வைத்திருக்கலாம்.

மேலும், நம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பான புகலிடம் கணவனோ மனைவியோ மட்டுமாக இருப்பதில்லை. அக்கா, அம்மா, பக்கத்து வீட்டுத் தோழி, கூடப் படகேறும் பங்காளி என்று அது பரவியிருக்கும். ஆகவே 'துணைவரோடு நான் எப்படி' என்று கேட்பதற்கு முன், 'மிகவும் நொந்த வேளையில் என் கால்கள் யார் வீட்டை நோக்கி நடக்கின்றன' என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவரும் நினைவுக்கு வரவில்லையென்றால் அதுவே முக்கியமான தகவல்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். எல்லாப் பதற்றமும் பிணைப்பிலிருந்து வருவதில்லை. 2004 டிசம்பர் 26இல் தேவனாம்பட்டினத்திலும் அதை ஒட்டிய மீனவ ஊர்களிலும் ஆழிப்பேரலையைக் கண்டவர்கள், 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயலைக் கண்டவர்கள், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின் வெள்ளத்தில் தெருக்கள் மூழ்கக் கண்டவர்கள், காற்று மாறினாலே கடலுக்குச் சென்றவரை எண்ணித் துடிப்பது உண்மையான ஆபத்தை அறிந்த உடலின் செயல். அடிக்கும் துணைவரின் காலடி ஓசைக்கு நடுங்குவதும் அப்படியே. அந்த நடுக்கத்தைத் தணிக்கப் பயிற்சி எதுவும் வேண்டாம்; பாதுகாப்பான இடமும் உதவியுமே வேண்டும். பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம். வன்முறை உள்ள வீட்டுக்கு இனி வரும் படிகள் பொருந்தா.

நான்காம் படி: இரண்டு வாரக் குறிப்பேடு

ஒரு சிறு நோட்டில், உறவு சார்ந்து மனம் கலங்கிய ஒவ்வொரு வேளையிலும் நான்கைந்து சொற்கள் எழுதுங்கள்: என்ன நடந்தது, உடலில் எங்கே தெரிந்தது, என்ன செய்தேன், தணிய எவ்வளவு நேரமாயிற்று. 'மாலை 7 மணி, போன் எடுக்கல, நெஞ்சு படபடப்பு, ஆறு தடவை அழைத்தேன், 9 மணிக்கும் அடங்கல' என்ற அளவு போதும். மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடிகள் நாடியை எண்ணி இரண்டால் பெருக்கிக் குறித்தால் இன்னும் நல்லது. அன்றைய தூக்கம், காபி, தேநீர், மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றையும் ஓரத்தில் குறியுங்கள். இவையும் துடிப்பையும் கார்டிசோலையும் மாற்றுபவை.

தவிர்ப்புச் சாய்வுள்ளவருக்கு 'மனம் கலங்கிய வேளை' என்று எதுவுமே தோன்றாமல் போகலாம். அவர் வேறு வழியில் தொடங்க வேண்டும்: தலைவலி, தாடை இறுக்கம், வயிற்றுப் புளிப்பு, காரணமில்லாத எரிச்சல், நள்ளிரவு விழிப்பு ஆகியவற்றைக் குறித்துவிட்டு, அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் நெருங்கியவர்களிடம் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதி, வாரக் கடைசியில் விருப்பமிருந்தால் மட்டும் மாற்றிப் படிக்கலாம். மற்றவரின் குறிப்பைப் பிற்பாடு ஒரு சண்டையில் சாட்சியமாகக் காட்டுவதில்லை என்று முன்பே ஒப்புக்கொள்வது அவசியம்.

ஐந்தாம் படி: வாக்குவாதத்தின்போது

இதுவே மிகக் கடினமானது. பதற்றச் சாய்வுள்ளவரும் தவிர்ப்புச் சாய்வுள்ளவரும் இணைந்த வீடுகளில் ஒருவர் துரத்துவதும் மற்றவர் ஒதுங்குவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மனைவி பதிலுக்காக நெருங்குகிறார்; கணவரின் உடல் அதைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு வாயடைக்கிறது; அந்த மௌனத்தை மனைவியின் உடல் கைவிடலாக எடுத்துக்கொள்கிறது. பல வீடுகளில் கணவர் துரத்துபவராகவும் மனைவி ஒதுங்குபவராகவும் இருப்பதுண்டு. சாலி பவர்ஸும் பவுலா பியட்ரோமொனாக்கோவும் மற்றவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, சச்சரவின்போது ஒருவரின் கார்டிசோலை அவரது சொந்தப் பிணைப்பு மட்டுமல்லாமல் துணைவரின் பிணைப்பும் பாதிக்கிறது என்பதைக் காட்டியது.

ஆகவே சண்டை இல்லாத ஒரு நாளில், நிறுத்துவதற்கான ஒரு சொல்லை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். அந்தச் சொல்லோடு திரும்பும் நேரமும் கட்டாயம் சொல்லப்பட வேண்டும்: 'இப்ப முடியல. எட்டரைக்கு மாடியில பேசலாம்.' நேரம் சொல்லாமல் எழுந்து போவது, ஒதுங்குபவருக்கு ஓய்வாகவும் காத்திருப்பவருக்குத் தண்டனையாகவும் ஆகிவிடும். இடைவெளி குறைந்தது 20 நிமிடம் இருக்கட்டும் என்று தம்பதியர் ஆய்வில் நெடுங்காலம் ஈடுபட்ட ஜான் காட்மன் பரிந்துரைக்கிறார். முதல் படியில் கண்ட கார்டிசோல் கணக்கைப் பார்த்தால் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதும் தவறில்லை. ஆனால் அன்றிரவுக்குள் திரும்ப வேண்டும், அல்லது மறுநாள் எப்போது என்று சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும்.

இடைவெளியில் என்ன செய்கிறோம் என்பது இடைவெளியின் நீளத்தைவிட முக்கியம். அடுத்து என்ன பதிலடி கொடுப்பது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தால் உடல் சண்டையிலேயே இருக்கும். மெதுவாக மூச்சு விடுங்கள்: நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக. இந்த வேகத்தில், துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் செயல்பாடு கூடி இதயம் தணிகிறது. தெருமுனை வரை நடப்பது, பாத்திரம் துலக்குவது, வெள்ளிக் கடற்கரை அருகிலிருந்தால் மணலில் நடப்பது ஆகியவையும் உதவும். சிகரெட்டும் மதுவும் தணிப்பதாகத் தோன்றினாலும் உடலின் கணக்கைக் கெடுக்கின்றன.

திரும்பி வந்ததும் ஆறுதலை எப்படித் தருவது? இங்கே ஆய்வுகள் சொல்வது சற்று எதிர்பாராதது. 1995இல் கிளெமென்ஸ் கிர்ஷ்பாமும் குழுவினரும் செய்த சோதனையில், பிறர் முன் பேச வேண்டிய அழுத்தத்துக்கு முன் துணைவி ஆதரவு தந்தபோது ஆண்களின் கார்டிசோல் ஏற்றம் குறைந்தது. பெண்களுக்கு ஆண் துணைவர் தந்த ஆதரவால் அப்படிக் குறையவில்லை. 2007இல் பியேட் டிட்சனின் குழு, பெண்களுக்குத் துணைவர் கழுத்தையும் தோளையும் பிடித்துவிட்டபோது கார்டிசோலும் துடிப்பும் தணிந்ததையும், பேச்சு ஆதரவு மட்டும் தந்தபோது அவ்வாறு நேராததையும் கண்டது. மின் அதிர்ச்சி வருமோ என்று காத்திருந்த 16 மணமான பெண்களின் மூளையை ஜேம்ஸ் கோனும் குழுவினரும் 2006இல் ஆராய்ந்தபோது, கணவரின் கையைப் பிடித்திருந்த வேளையில் அச்சம் சார்ந்த செயல்பாடு குறைந்தது. மண உறவு நன்றாக இருந்தவர்களிடம் அக்குறைவு மேலும் தெளிவாகத் தெரிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: அறிவுரையைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அருகில் உட்காருங்கள். தொடுதல் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். தவிர்ப்புச் சாய்வுள்ளவருக்கு ஒரு தம்ளர் மோரை வைத்துவிட்டு எதிரே அமர்வதே போதுமானதாக இருக்கலாம்.

பகைமை நிறைந்த பேச்சைக் குறைப்பது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயமன்று. ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் 2005இல் 42 தம்பதியரின் கையில் சிறு கொப்புளக் காயங்களை உண்டாக்கி அவை ஆறும் வேகத்தை அளந்தார். பகைமையோடு பேசிக்கொண்ட தம்பதியரின் காயங்கள், அவ்வாறு பேசாதவர்களின் காயங்கள் ஆறும் வேகத்தில் 60 விழுக்காடு வேகத்திலேயே ஆறின.

ஆறாம் படி: பிரிவும் திரும்புதலும்

கடலூர் மாவட்டத்தில் பிரிவு அன்றாட வாழ்வின் பகுதி. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் இல்லாத தெரு அரிது. கடலுக்குப் போகிறவர்கள் நாட்கணக்கில் தொடர்பின்றி இருப்பதுண்டு. பிரிவை நீக்க முடியாத இடத்தில், அதை முன்கூட்டியே அறியத்தக்கதாக ஆக்க முடியும். தினமும் பத்து முறை எதிர்பாராமல் அழைப்பதைவிட, 'இரவு ஒன்பதரைக்கு ஒரு அழைப்பு, முடியாவிட்டால் ஒரு வரி வாட்ஸ்அப்' என்ற உறுதி உடலுக்கு நல்லது. தொடர்பு கிடைக்காத நாட்கள் எவை என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வரும் நாட்களைப் பலரும் இன்பமயமாக மட்டுமே எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் அவை சண்டை மிகும் நாட்களாகவும் இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வருமானம் நின்ற கவலையோடு கணவர் நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறார். அதுவரை எல்லாவற்றையும் தாமே தீர்மானித்த மனைவியின் ஒழுங்கு குலைகிறது. முதல் சில நாட்களில் பணம், சொத்து, மாமனார் வீட்டுப் பிணக்கு போன்றவற்றை எடுக்காமல், சேர்ந்து உண்பதையும் உறங்குவதையும் முதலில் சீராக்கிக்கொள்ளலாம்.

ஏழாம் படி: மாற்றத்தை எதிர்பார்ப்பதும் மருத்துவரை நாடுவதும்

பிணைப்பு கல்லில் எழுதப்பட்டதன்று. சிறு குழந்தைகளாக ஆராயப்பட்ட 50 பேரை எவரெட் வாட்டர்ஸின் குழு சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின் மறுபடி பார்த்தபோது, 72 விழுக்காட்டினர் பாதுகாப்பு, பாதுகாப்பின்மை என்ற பிரிவில் அதே பக்கத்தில் இருந்தனர், மற்றவர்கள் மாறியிருந்தனர். நம்பத்தக்க துணைவரோடு ஆண்டுக்கணக்கில் வாழ்வதும் நல்ல மனநல ஆலோசனையும் பெரியவர்களின் சாய்வையும் நகர்த்தக்கூடியவை. மாதங்களில் பாருங்கள், நாட்களில் பார்க்காதீர்கள். முதலில் குறைவது சண்டையின் எண்ணிக்கையாக இராது, தணிய ஆகும் நேரமாகவே இருக்கும்.

படபடப்பை எல்லாம் உறவின் மீது ஏற்றிவிடக் கூடாது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பும் ரத்தசோகையும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால் அவற்றுக்கான பரிசோதனை முதலில் நடக்கட்டும். ஆய்வகத்தில் தாமாகவே கார்டிசோல் பரிசோதனை செய்துகொள்வதால் பயனில்லை. அது அட்ரினல், பிட்யூட்டரி நோய்களைக் கண்டறிய மருத்துவர் எழுதித் தருவது, ஒரு வேளையின் அளவைக் கொண்டு உறவின் அழுத்தத்தைச் சொல்லிவிட முடியாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மையோ வாழ்வில் பிடிப்பின்மையோ நீடித்தாலும், இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும், காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு உள்ளது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். முதல் சந்திப்புக்குப் போகும்போது அந்த இரண்டு வாரக் குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, உடலில் எங்கே, எவ்வளவு நேரம் நீடித்தது என்று தேதியோடு எழுதிய நான்கு பக்கங்கள் இருந்தால் மருத்துவர் தம் கேள்விகளை அங்கிருந்தே தொடங்க முடியும்.